பின்சென்றவரா, தாமே நடந்தவரா?
லட்சுமிபாய் திலக்கின் ‘ஸ்மிருதி சித்திரே’ குறித்துச் சில எண்ணங்கள்

இந்திய மொழிகளில் எழுந்த தன்வரலாறுகளுள் சமயம் மாறியோர் எழுதியவை ஒரு தனி வரிசையாக நிற்கின்றன. அவற்றிற்கென ஒரு வார்ப்பும் அமைந்துவிட்டது. முதலில் ஐயம், பின்னர்த் தேடல், ஒரு நூலோ ஒரு நண்பரோ எதிர்ப்படுதல், உறக்கமற்ற இரவுகள், முடிவில் தெளிவு. எழுதியவர் யாராயினும் அரங்கின் நடுவில் நிற்பவர் அவரே. தாயும் மனைவியும் மக்களும் அழுதபடி ஓரத்தில் நிற்பர். திருநெல்வேலிச் சீமை தந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய பெருங்கவிஞர். தாம் கிறிஸ்தவரான வரலாற்றை அவர் உரைநடையிலும் எழுதினார். அதன் நடுவிடமும் அவரது உள்ளமே. அதில் குறை காண்பதற்கில்லை. தன் மனம் பட்ட பாட்டைத்தானே ஒருவன் எழுத இயலும்!

ஆனால் அந்த ஓரத்தில் நின்ற மனைவியே எழுதுகோலை எடுத்தால் அவ்வரலாறு எப்படியிருக்கும்? இவ்வினாவுக்கு விடையாக நமக்குத் தெரிந்தவரையில் மராத்தியில் லட்சுமிபாய் திலக் எழுதிய ‘ஸ்மிருதி சித்திரே’ போல முழுமையாக அமைந்த நூல் பிறிதொன்றில்லை. ‘நினைவுச் சித்திரங்கள்’ என்பது தலைப்பின் பொருள். 1934 முதல் நான்கு பகுதிகளாக வெளிவந்தது. மராத்தி மாநிலத்தில் வாழ நேர்ந்த தமிழருள் பலர் இதன் பெயரையேனும் கேட்டிருப்பர். விஜயா மேத்தா இதைத் தொலைக்காட்சிப் படமாக்கிய பின்னர்ப் படிப்பு வாசனை குறைந்த இல்லங்களிலும் இது பேசப்பட்டது. மத்திய அரசு அலுவலில் இருக்கும் நம் போன்றோர் பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று இந்தித் தேர்வுகளுக்காக வேண்டாவெறுப்பாகக் கற்ற நாகரி எழுத்து இந்நூலைத் தட்டுத்தடுமாறிப் படிக்கக் கைகொடுத்தது. அத்தேர்வுகளால் நமக்கு விளைந்த தலையாய நன்மை இதுவே எனத் தயங்காது கூறுவோம்.

நூலாசிரியரின் கணவர் நாராயண் வாமன் திலக் (1861–1919). லோகமான்யர் வேறு, இவர் வேறு. இருவரும் சித்பாவன் குலத்தவர் என்பதும், குடும்பப் பெயர் ஒன்று என்பதுமே ஒற்றுமை. இவர் கவிஞர். மலர்களையும் மழலைகளையும் பாடியவர் என்று மராத்தியர் இன்றும் உவந்து கூறுவர். 1893-இல் நாகபுரியிலிருந்து ராஜ்நந்த்காவ் செல்லும் இரயிலில் உடன் பயணம் செய்த வெள்ளையர் ஒருவர் இவரிடம் விவிலியத்தைக் கொடுத்தார். 1895 பிப்ரவரி 10-ஆம் நாள் பம்பாயில் இவர் ஞானஸ்நானம் பெற்றார். துகாராமின் பக்திப் பாதை வழியாகவே கிறிஸ்துவிடம் வந்ததாக இவர் கருதினார். அபங்க யாப்பிலே கிறிஸ்துவைப் பாடி மராத்தித் திருச்சபைக்குத் தாய்மொழியின் இசையை மீட்டுக் கொடுத்தார். இவையனைத்தும் இலக்கிய வரலாறுகளில் உள்ளவை. மகன் தேவதத்தர் தந்தையின் வரலாற்றை எழுதக் குறிப்புகள் திரட்டியபோது, தாயாரிடமும் நினைவில் உள்ளவற்றை எழுதித் தருமாறு கேட்டார். தந்தையின் வரலாற்றுக்குத் துணைக் குறிப்பாகத் தொடங்கியது தாயின் பெருநூலாயிற்று. இன்று நாராயண் வாமனரை மராத்தி நாட்டுக்கு அப்பால் அறிந்தவர்கள் பெரும்பாலும் அவர் மனைவியின் நூல் வழியாகவே அறிந்துள்ளனர்.

லட்சுமிபாய் 1868-இல் பிறந்தார். 1880-இல், பன்னிரண்டு வயதையொட்டி, மணம் நடந்தது. பள்ளி சென்று படித்தவர் அல்லர். எழுத்தறிவு கணவர் ஊட்டியது. நூலின் தொடக்கம் அவர் தந்தையாரைப் பற்றியது. தாய்வழிப் பாட்டனார் 1857 கிளர்ச்சியை ஒட்டித் தூக்கிலிடப்பட்டார். அந்த அதிர்ச்சியில் தந்தையாருக்கு ஆசாரப் பித்துப் பிடித்தது. கடையிலிருந்து வரும் பண்டங்களையெல்லாம் கழுவாமல் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. உப்புக்கும் அதே விதி. ‘சோவளே’ என்னும் மராத்திச் சொல்லை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் விளக்கிக் காட்டப் பலவாறு முயல வேண்டியுள்ளது. தமிழ் வாசகருக்கு ஒரு சொல் போதும்: மடி. மடித்துணி, மடிநீர், தீட்டு, விழுப்பு, எச்சில் என்று நம் பாட்டிமார் அறிந்து வைத்திருந்த அகராதி முழுவதும் அவ்வீட்டில் நடமாடியது. ஒரு வேறுபாடு உண்டு. நம் வீடுகளில் மடியின் ஆட்சி பெரும்பாலும் பெண்கள் கையில்; அங்கே ஆணொருவர் அதை நடத்த, பெண்களும் குழந்தைகளும் அதன் சுமையைத் தாங்கினர்.

இந்தத் தொடக்கத்தை வேடிக்கைப் பகுதியாகக் கருதிச் சிரித்துக் கடந்து செல்வோர் உண்டு. வேடிக்கைதான், ஆசிரியரும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார். ஆயினும் நூல் முழுவதற்கும் அடிப்படை இங்கேதான் இடப்படுகிறது என்பது நம் கருத்து. கிறிஸ்தவம் அவர் வாழ்வில் நுழைந்தபோது அது ஒரு கோட்பாடாக வரவில்லை. யார் தொட்ட நீர், யார் சமைத்த சோறு, எந்தப் பாத்திரம் என்னும் வினாக்களாகவே வந்தது. கணவருக்கு மலைப்பிரசங்கமும் துகாராமும் ஒத்துப் போவது பெரிய கண்டுபிடிப்பு. மனைவிக்கோ பிறர் தொட்ட நீர் தொண்டைக்குள் இறங்க வேண்டும். பிறந்த நாள்முதல் அருவருக்கப் பழகிய உடல் அதை ஏற்க வேண்டும். கவிஞர் ஓர் இரவில் தாண்டிய ஆற்றை இவர் குடம் குடமாக முகந்து வற்றச் செய்ய வேண்டியிருந்தது.

1895-இல் செய்தி வந்தபோது அவர் கணவருடன் இல்லை, உறவினரிடையே இருந்தார். கையில் ஆண்மகவு. கணவர் உயிருடன் இருக்கிறார். ஆனால் சாதியின் கணக்கில் இறந்தவர். இவர் சுமங்கலியா, அல்லரா? உற்றாரின் இரக்கம், ஏச்சு, காவல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் அவருக்குக் கிடைத்தன. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்த நிலை. பண்டரிபுரத்தில் விட்டலன் சந்நிதிக்கு அருகே உறவினர் ஆதரவில் வாழ்ந்த காலமும் இதில் அடங்கும். அங்கே அவர் துயரத்தில் செய்யுள் கட்டத் தொடங்கினார். கிறிஸ்துவைத் தேடிக் கணவர் சென்றுவிட்டார். கணவரின் கவிதை மனைவியிடம் வந்து தங்கிவிட்டது!

இவ்விடத்தில் ஒரு சட்டக் குறிப்பு. எழுத்தர் வேலை பார்ப்போருக்கு இந்தப் பழக்கம் போவதில்லை. 1866-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டம் ஒன்று அன்று இருந்தது. கிறிஸ்தவராக மாறியவரின் மனைவி அக்காரணத்தாலேயே தொடர்ந்து ஆறு மாதம் சேர்ந்து வாழ மறுப்பின், மாறியவர் நீதிமன்றத்தை நாட முடிந்தது. உரிய விசாரணைக்கும் காத்திருப்புக்கும் பின் மணமுறிவு பெற்று மறுமணமும் செய்ய முடிந்தது. திலக் அந்த வாயிலை நாடவில்லை. கடிதங்கள் எழுதினார், காத்திருந்தார். அவரது பொறுமையின்மை நூலெங்கும் பேசப்படுகிறது. இந்த ஒரு பொறுமைக்கு அதில் தனிப் புகழுரை இல்லை. எனினும் சேர்த்துப் படிக்கும் வாசகர் அதை உணராமல் இருக்க மாட்டார்.

பின்னர் அவர் கணவர் வாழ்ந்த அகமத்நகருக்கு வருகிறார். வந்தும் சேர்ந்து உண்ணவில்லை. தனி அடுப்பு, தனி நீர், தனிப் பாத்திரம். ஒரே ஊரில் கணவன் ஒரு சமயம், மனைவி ஒரு சமயம், இடையே குழந்தை. இந்தப் பகுதிகள்தாம் நூலின் மணிமுடி. வேறொருவர் எழுதியிருந்தால் கண்ணீர்க் கடலாகியிருக்கும். இவரோ அன்றாடம் நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறார்: சண்டை, கோபம், சமாதானம், மீண்டும் சண்டை. கணவரைத் தெய்வமாக்கவும் இல்லை, கொடியவராக்கவும் இல்லை. கையில் காசு நில்லாத, சொன்ன வேளையில் வீடு திரும்பாத, யார் வந்து கேட்டாலும் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுகின்ற ஒரு மனிதரை நம் கண்முன் நிறுத்துகிறார். இப்பகுதிகளை நாம் வாசித்துத் தமிழில் சொல்ல, நம் இல்லத்துப் பெண்மக்கள் கேட்டிருந்தனர். திலக்கின் கட்சியில் ஒருவரும் சேரவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் பெருங்கவிஞர் என்று நாம் எடுத்துரைத்தும் தீர்ப்பு மாறவில்லை.

இன்னொன்று. நூல் முழுதும் கணவரை அவர் ‘திலக்’ என்றே குறிக்கிறார். கணவன் பெயரை மனைவி உச்சரிக்கலாகாது என்ற காலம். குடும்பப் பெயரானதால் விதி மீறப்படவில்லை, ஆனால் விலகி நின்று பார்க்கும் ஒரு தொலைவு கிடைத்துவிட்டது. ‘அவர்’ என்றோ ‘எங்கள் வீட்டுக்காரர்’ என்றோ எழுதியிருந்தால் இந்நூலின் பாதி நயம் போயிருக்கும்.

1900-இல் லட்சுமிபாய் ஞானஸ்நானம் பெற்றார். விமரிசகர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ஜோஸபின் இங்க்ஸ்டர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1950-இல் வெளியாயிற்று. அதற்கு இட்ட தலைப்பின் பொருள் ‘நான் பின்தொடர்கிறேன்’ என்பது. அத்தலைப்பில் விவிலியத்தின் எதிரொலி உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் படிப்பவர் மனத்தில் பதிவது என்ன? கணவன் முன்னே சென்றான், பதிவிரதை பின்னே சென்றாள் என்பதே. நம்மவர்க்கு மிக உவப்பான கதை! இந்துக்களுக்கும் உவப்பு, கிறிஸ்தவர்களுக்கும் உவப்பு. மத மாற்றத்தை வெறுப்போரும் ‘பாவம், கணவனுக்காக மாறினாள்’ என்று அவரை மன்னித்துவிடலாம். 2017-இல் சாந்தா கோகலே செய்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு மராத்தித் தலைப்பை மீண்டும் சூட்டியது. அது மெச்சத்தக்கது. ஆனால் துணைத்தலைப்பில் ‘துடிப்பு மிக்க மனைவி’ வந்து நிற்கிறார். முன்பு பின்தொடர்பவர், இப்போது துடிப்புள்ள மனைவி. எப்படியும் மனைவி என்னும் நாற்காலியை விட்டு எழ அவருக்கு அனுமதி இல்லை.

நூல் சொல்வது வேறு. கணவரிடம் திரும்பியதும் அவர் மதம் மாறவில்லை. கணவர் வாதிட்டு வென்றதாகவும் இல்லை. ஒரு நாள் தனித்திருந்து சாதியைப் பற்றி அவரே எண்ணிப் பார்க்கிறார். இதை ஆக்கியவர் கடவுளா, மனிதரா என்று கேட்டுக்கொள்கிறார். பிறப்பும் இறப்பும் உறுப்புகளும் எல்லார்க்கும் ஒன்றாயிருக்க, இந்தப் பிரிவினை மனிதர் செயலே என்று துணிகிறார். துணிந்தபின் யார் கையாலும் உண்பது என்று முடிவு செய்கிறார். இந்த முடிவில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. கணவரின் பெயரும் இல்லை. தந்தை வீட்டில் உப்பைக் கழுவிய நாள் தொடங்கி அவர் மனத்தில் கிடந்த கேள்விக்கு அவரே கண்ட விடை இது. மடி போனபின்னரே மதம் வந்தது. இந்த வரிசையை மாற்றிவிட்டால் நூலே மாறிவிடும். கணவருக்குச் சமயம் முதலில், சாதி விடுதலை அதன் பயன்; இவருக்குச் சாதி விடுதலை முதலில், சமயம் அதற்குக் கிடைத்த வீடு. இருவரும் ஒரே ஊர் சேர்ந்தனர் என்பதால் ஒரே வழியில் வந்தனர் என்று ஆகாது.

கணவன் மீது அவருக்கிருந்த பாசம் இம்முடிவில் பங்கு பெறவேயில்லையா என்று கேட்கலாம். பங்கு உண்டு. அந்தப் பாசம் இல்லாவிடில் அகமத்நகருக்கே வந்திருக்க மாட்டார். ஆனால் பாசம் அவரை ஊருக்குக் கொண்டுவந்தது, அடுப்பை ஒன்றாக்கவில்லை. அடுப்புகள் இரண்டாக இருந்த காலமே அவர் தாமே சிந்தித்தவர் என்பதற்குச் சான்று. பின்தொடர்பவராக மட்டும் இருந்திருந்தால் வந்த அன்றே உலையை ஒன்றாக்கியிருப்பார்.

அகமத்நகருக்கும் நம் சென்னைக்கும் இவ்வகையில் ஒரு பழந்தொடர்பு உண்டு. தமிழ்ச் சங்க மலரில் அதைச் சொல்லாமல் விடலாகாது. 1862-இல் அதே அகமத்நகரில், பிராமணராய்ப் பிறந்து கிறிஸ்தவரான பெற்றோருக்கு மகளாகப் பிறந்தவர் கிருபாபாய். மருத்துவம் பயிலச் சென்னை வந்து, தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவரான சாமுவேல் சத்தியநாதனை மணந்து, 1894-இல் இளமையிலேயே மறைந்தார். தன்வரலாற்றின் சாயலில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘சகுணா’ என்னும் கதை 1887–88-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. அதில் ராதா என்னும் தாய் வருகிறாள். கணவன் கிறிஸ்தவனானதும் இவளும் லட்சுமிபாய் பட்ட துன்பத்தையே படுகிறாள். ஆனால் அதைச் சொல்பவள் மகள். சொல்லும் மொழி ஆங்கிலம். கேட்போர் பாதிரிமாரும் கல்லூரி மாணவரும். எனவே தாயின் எதிர்ப்பு, இருளில் இருந்தவள் ஒளியை அஞ்சியதாகக் காட்சி தருகிறது. கிருபாபாயின் அன்பிலோ திறமையிலோ ஐயமில்லை. பிறக்கும்போதே கிறிஸ்தவ இல்லத்தில் பிறந்தவருக்கு அந்த அச்சத்தின் உட்புறம் தெரிய வழியில்லை. லட்சுமிபாய்க்குத் தெரியும். அந்த அச்சத்தை அறியாமை என்று அவர் ஓரிடத்திலும் இழித்துரைக்கவில்லை. சிரிக்கிறார், தம்மையே பார்த்துத்தான் சிரிக்கிறார். தாம் விட்டு வந்த வீட்டின் மேல் கல்லெறியாத மதமாற்ற வரலாறு என்று இதைச் சொல்லலாம்.

ஞானஸ்நானத்துக்குப் பிந்திய இல்லம் ஒரு சத்திரம் போன்றது. அநாதைக் குழந்தைகள், ஏழை மாணவர், வழிப்போக்கர், கவிஞர்கள். அவர்களுள் ஒருவர் மராத்தியர் ‘பாலகவி’ எனப் போற்றும் திரியம்பக் பாபூஜி தோம்ப்ரே. இளம் வயதில் திலக் இல்லத்தில் பிள்ளைபோல் வளர்ந்தார். அவர் கிறிஸ்தவராகவில்லை, அந்தத் தாயின் சோற்றை உண்டு இயற்கையைப் பாடினார். 1918-இல் இரயிலில் அடிபட்டு இருபத்தேழு வயதில் மாண்டார். மதம் மாறாத பிராமணச் சிறுவன் கிறிஸ்தவ வீட்டில் மகனாக வாழ்ந்த அக்காட்சியில் இவருடைய விசுவாசத்தை நாம் தெளிவாகக் காண்கிறோம். நூலில் செபங்களைப் பற்றி வரும் பத்திகளில் அவ்வளவு தெளிவு இல்லை. வெளிப்படையாகச் சமயம் பேச வரும்போது இவர் நடை சற்றே விறைத்து, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது போல் ஆகிவிடுகிறது. சோற்றுப் பானைக்குத் திரும்பியதும் மீண்டும் உயிர் பெறுகிறது.

குறைகளும் உண்டு. நாள், ஆண்டு என்ற கணக்கை ஆசிரியர் பொருட்படுத்துவதில்லை; எது முன், எது பின் என்று அறியத் தேவதத்தரின் குறிப்புகளையோ பிறர் நூல்களையோ நாட வேண்டும். பிற்பகுதியில் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. முற்பகுதியில் இருந்த இழுவிசை தளர்கிறது. 1917-இல் திலக் மிஷன் ஊதியத்தைத் துறந்து, சாத்தாராவில் ‘தேவனின் தர்பார்’ என்னும் அமைப்பை நிறுவினார். சபை எல்லைகளைக் கடந்து, ஞானஸ்நானம் பெற்றோரும் பெறாதோரும் கிறிஸ்துவின் அன்பர்களாகக் கூட வேண்டும் என்பது அவர் கனவு. திலக்கின் சிந்தனையில் இது உச்சி. மனைவியின் நூலில் இதற்குரிய ஆழம் கிட்டவில்லை. ஒருவேளை ஊதியமற்ற அந்த வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன என்பதே அவருக்குப் பெரிய சிந்தனையாக இருந்திருக்கலாம். 1919-இல் திலக் மறைந்தபின் வரும் கைம்மைக் காலமும், மகனுடன் கராச்சி சென்ற வாழ்வும் விரைந்து கடக்கப்படுகின்றன. 1936-இல் நூலாசிரியரும் மறைய, இறுதிப் பகுதியை மகனே நிறைவு செய்ய நேர்ந்தது. அங்கே நடை மாறுவதை நாகரி எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம்மாலும் உணர முடிகிறது.

இதற்கு மாறாக ஒரு பணியை இவர் நிறைவு செய்தார். கிறிஸ்துவின் வரலாற்றைப் பெருங்காப்பியமாகப் பாட எண்ணிய திலக் ‘கிறிஸ்தாயன’த்தைத் தொடங்கிப் பத்து அத்தியாயங்கள் அளவில் விட்டுச் சென்றார். மனைவி அறுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் பாடி முடித்தார். பின்தொடர்ந்தவர் என்று இவரை அழைப்போர் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கொள்ளட்டும். தொடங்கியவர் ஒரு பங்கு நடந்தார். பின்வந்தவர் ஆறு பங்கு நடந்தார்.

இந்நூலைத் தமிழாக்க முனைவோருக்கு ஒரு சொல். ஆங்கிலத்தின் வழியாகச் செல்லாது மராத்தியிலிருந்தே பெயர்த்தல் வேண்டும். ஆங்கிலத்தில் விளக்கம் கேட்கும் சொற்களுக்கெல்லாம் தமிழில் வீட்டுச் சொல் ஆயத்தமாக இருக்கிறது: மடி, விழுப்பு, தளிகை, சுமங்கலி, சம்பந்தி, நாத்தனார். கிறிஸ்தவப் பகுதிக்கும் குறைவில்லை. ஞானஸ்நானம், விசுவாசம், செபம், உபதேசியார் எனத் தமிழ்க் கிறிஸ்தவர் பல தலைமுறைகளாகப் பழகிய சொற்கள் உள்ளன. இவ்விரு சொற்கூட்டங்களும் ஒரே பக்கத்தில், ஒரே பெண்ணின் வாயில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வர வேண்டும். முதற்கூட்டத்தை ஒரு சாதியாரின் வழக்கு என்று கருதி நீக்கிவிட்டுப் பொதுத்தமிழில் எழுதினால், அவர் எதை விட்டு வந்தார் என்பது தெரியாது போகும். இரண்டாவதைத் தூய தமிழாக்கி ‘திருமுழுக்கு’ என்று மட்டும் எழுதினால், அக்காலத்து அடுக்களையில் அச்சொல் எவ்வளவு அந்நியமாக, எவ்வளவு அச்சம் தருவதாக ஒலித்தது என்பது தெரியாது போகும். தலைப்பை மட்டும் அவர் இட்டபடியே விட்டுவிடலாம்: நினைவுச் சித்திரங்கள்.